இடும்பனிடம் சொல்லிவிட்டுப் பழனி ஏறுங்கள்

பழனிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே பெரிய மலைக்கு ஓடுகிறார்கள். அடிவாரத்துத் திருவாவினன்குடியில் கும்பிட்டு, எதிர்மலையில் இருக்கும் இடும்பனிடமும் சொல்லிவிட்டுத்தான் ஆண்டவனிடம் போக வேண்டும் என்பது பழைய முறை. மாசிக் கடைசி, பங்குனி முதலில் வருபவர்களுக்கு இந்த வரிசை இன்னொரு வகையிலும் தோதுப்படும். அப்போது காலை வெயில் இதமாக இருக்கும். ஆனால் 11 மணிக்கு மேல் கருங்கல் படியில் வெறுங்கால் வைக்க முடியாது. நிழல் குறைந்த மலையை விடியலிலேயே முடித்துவிடுவது நல்லது.

நிழல் குறைந்த அந்த மலை இடும்பன் மலைதான். படி 500க்கு மேல். அகத்தியருக்காக இடும்பன் காவடி கட்டிச் சுமந்து வந்த இரண்டு குன்றுகளில் இது சக்திகிரி. எதிரே கோபுரத்தோடு நிற்கும் பெரிய மலைதான் சிவகிரி. காவடியின் ஒரு பக்கத்துச் சுமை மேல் நின்றுகொண்டு மறுபக்கத்துச் சுமையைப் பார்க்கிறோம்! தெற்கே கொடைக்கானல் மலைச்சுவர் காலையில் மடிப்பு மடிப்பாகத் தெரியும். உச்சி வேளையில் புகைமூட்டம் போட்டு மறைத்துவிடும்.

பெரிய மலைக்குப் படி 693. ஏறப் படிப்பாதை, இறங்க யானைப்பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம், உடம்புப் பாரம் மூட்டில் இறங்கும். யானைப்பாதை சுற்று, ஆனால் சரிவாகப் போகும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. 2023 அக்டோபர் முதல் மலைமேல் செல்போனுக்குத் தடை. அடிவாரத்தில் ஒப்படைக்க வேண்டும். படியில் ஏறி விஞ்சில் (கம்பிவடம் இழுக்கும் பெட்டியில்) இறங்கினால், போனை வாங்க மலையைச் சுற்றிய கிரிவீதியில் சுற்றித் திரும்பி நடக்க வேண்டியிருக்கும், அதுவும் சுடும் தரையில். கூட்டத்தில் பிரிந்தால் எங்கே கூடுவது என்பதையும் ஏறும்முன்பே பேசி வையுங்கள்.

ஆண்டவர் மேற்கு நோக்கி நிற்கிறார். தரிசனம் முடித்ததும் அவசரப்படாமல் தென்மேற்கே போகர் சித்தர் சன்னதியில் கொஞ்சம் உட்காருங்கள். பஞ்சாமிர்தத்தைக் கையில் தொங்கவிட வேண்டாம், பைக்குள் போடுங்கள். குரங்குக்கு விருப்பாச்சிப் பழ வாசனை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மதியம் படுத்து எழுந்து, 4 மணிக்கு மேல் ஐவர் மலை. பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டிப் பக்கம். கடைகளை நம்பாமல் ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டவர் ஐவர் தங்கியதாக நம்பிக்கை. நீண்ட பாறைக் குடையின் நெற்றியில் சமண தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அங்கே வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் திருமேனியையும் இயக்கியர் என்னும் காவல் பெண்தெய்வங்களையும் புதுப்பித்து 505 காணம் (அக்காலப் பொன் அளவு) பொன் வைத்ததைச் சொல்கிறது. அந்த மன்னன் பட்டமேறிய ஆண்டு 862 என்று கணக்கிட உதவியதும் இந்த எழுத்துகள்தான். விரலால் தடவிப் படிக்காதீர்கள், விபூதி பூசாதீர்கள். ஓரமாக நின்று பார்த்தாலே போதும்.

உச்சியில் குழந்தை வேலப்பர். அதற்கு முன், மலையடியிலேயே திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.