கியர்பாக்ஸை இறக்கின கையோடு

சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்கு வாரம் மூன்று நடை மாட்டுத்தீவனம் ஏற்றிப் போவேன். இறங்கும்போது முட்டைக்கோஸோ தக்காளியோ. நடுவில் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. போன மாசம் ஒன்பதாவது வளைவில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி ஏறவில்லை. கூடவே அந்தக் கருகல் நாற்றம். சுமை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது என்ன நாற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு: கிளட்ச் பிளேட் கருகுகிற நாற்றம். இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற அந்தத் தட்டை மாற்றிப் பதினோரு மாசம்தான் ஆகியிருந்தது, அதுதான் எரிச்சல். "ஏனுங் மாப்ளே, கிளட்ச் பெடல் மேலயே காலை வெச்சுட்டு ஓட்டறீங்களாட்ட இருக்குது" என்றார் மாமனார். முப்பது வருசம் லாரி ஓட்டினவர், எதிர்த்துப் பேச முடியுமா? எனக்கே பாதி சந்தேகம்தான்.

இந்தத் தடவை வேறு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடச் சொன்னார். நல்ல கிளட்சாக இருந்தால் இன்ஜின் திணறி அணைந்துவிடும். என் வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "கியர்பாக்ஸை இறக்கிடலாமுங்க" என்றார்.

பட்டறைப் பையன் ஊர் நோம்பிக்குப் போய்விட்டதால் நானே கையாள். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுமுன் இரண்டு பக்கமும் சேர்த்துச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டார். அதே கோட்டில் திரும்பப் பூட்டாவிட்டால் ஓட்டத்தில் அதிருமாம். பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளுகிற சிலிண்டரின் ஹோஸைப் பிரிக்காமல், சிலிண்டரை மட்டும் கழற்றிச் சேஸிஸில் கம்பியால் கட்டிவிட்டு, "இனி பெடல்ல கால் படக்கூடாதுங்க, பிஸ்டன் வெளிய வந்துரும்" என்றார். கியர் லீவர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட் இரண்டுக்குத்தான் ஒரு மணி நேரம்.

கியர்பாக்ஸ் ஜாக்கியில் இறங்கியதும் உள்ளே டார்ச் அடித்தார். பெல் ஹவுசிங்கின் அடியில் கறுப்பாக ஈரம். விரலில் தொட்டு, கட்டை விரலோடு தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். என்னையும் முகரச் சொன்னார். "கியர் ஆயிலா இருந்தா கந்தகமாட்ட நாறும். இது இன்ஜின் ஆயிலுங்க." இன்ஜினுக்குள் சுழல்கிற தண்டான கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கிறது. கழற்றின பிளேட்டைத் திருப்பிக் காட்டினார். ரிவெட் தலைக்கு மேலே உராய்கிற பட்டையின் கனம் இன்னும் பாக்கி, ஆனால் மேல்பரப்பு தோசைக்கல்லாட்டம் பளபளப்பு. தேய்ந்து போன பிளேட் இல்லை, வழுக்கிக் கருகின பிளேட். போன தடவையே அந்த சீலைப் பார்த்திருக்க வேண்டும். பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், செலவு குறையும் என்று அன்று சொன்னது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சீல் மாற்ற, கிராங்கின் பின்முனையில் பூட்டியிருக்கிற கனத்த சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றினால் அதிலும் நீலம் பாய்ந்த திட்டுகள். லேத்தில் கொடுத்து மேல்பரப்பை லேசாகச் சீவி எடுத்தோம். கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாகவே வாங்கினேன். இவ்வளவுக்கும் நடுவில் அந்த சீல்தான் விலை குறைந்த சாமான். கூலி முழுக்கக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதில் இருக்கிறது. அது கீழே இருக்கும்போது சாமானில் மிச்சம் பிடிப்பது என்ன கணக்கோ, எனக்கு அன்று தெரியவில்லை.

பூட்டுவதில் ஒரு சிக்கல். பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஆனால் கியர்பாக்ஸ் ஏறி வந்து கடைசி அரை அங்குலத்தில் நின்றுவிட்டது. போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாமே என்றேன். முறைத்தார். அப்படி இழுத்தால் பிளேட்டின் நடு வளையம் கோணிப்போகுமாம். டாப் கியரில் போட்டு, ஷாஃப்ட் பூட்டுகிற பின்பக்க ஃப்ளேன்ஜைக் கையால் மெல்லத் திருப்பினார். பல் பல்லோடு சேர்ந்து 'டொக்' என்று உட்கார்ந்தது.

முதல் 500 கிலோமீட்டர் முழுச் சுமை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த நடை 12 மூட்டைதான் ஏற்றினேன். தாளவாடிக் கடைக்காரர், "வண்டிக்கு விரதமுங்களா?" என்று சிரித்தார்.

போகும்போது, அதே ஒன்பதாவது வளைவுக்குக் கீழே லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றது. பின்னால் நின்றேன். பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கால். மாமனார் சொன்னதிலும் கொஞ்சம் இருந்திருக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுத்தேன்.