இடக்கையை எடுத்த இரவு

பதினொரு வருடம் நான் இரண்டாவது கீபோர்ட். கிளிநொச்சியில் எங்கள் கோஷ்டியை நடத்திய மாஸ்டரும் கீபோர்ட் வாசிப்பவர்தான். ஆனால் மேடையில் பெரும்பாலும் என்னை வாசிக்கவிட்டு, பாடகரின் முகத்தையும் திருவிழா உபயகாரரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார். 2009 இல் இடம்பெயர்ந்தபோது வாத்தியங்கள் முழுவதையும் இழந்து, பிறகு கடனுக்கு ஒரு கீபோர்ட் வாங்கித் திரும்பத் தொடங்கியவர். வாசிப்பது நான், பெயர் அவருக்கு என்று ஒரு காலத்தில் எனக்குள் சின்ன மனத்தாங்கலும் இருந்தது.

அவர் காலமாகி அந்தியேட்டி முடிந்த அன்று, மாஸ்டரின் வீட்டு அக்கா புரோகிராம் கொப்பியை என் கையில் தந்தா. "இனி நீங்கள்தான் பார்க்கவேணும் தம்பி." அவ்வளவுதான் சொன்னா.

நான் பொறுப்பெடுத்த முதல் நிகழ்ச்சி முல்லைத்தீவுப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை. கோஷ்டி என்னால் நிற்கிறது என்று காட்டவேண்டும் என்ற வெறியில் ஒரு இடைவெளியும் விடாமல் வாசித்தேன். பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் நடுவில் வாசித்தேன், பாடகர் மூச்செடுக்கும் இடத்திலும் வாசித்தேன். சனம் கைதட்டியது. திரும்பி வரும் வழியில் விசுவமடுவில் தேத்தண்ணிக்கு வானை நிறுத்தியபோது, பேஸ் கிற்றார் வாசிக்கும் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, கோவிக்காத. ராத்திரி முழுக்க உன்ர இடக்கை என்ர இடத்தில நிண்டது. நான் எங்க போறது?"

கோபம் வந்தது, மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பகல் முழுக்க நித்திரை இல்லை. அப்போதுதான் கனடாவில் இருக்கும் மச்சான் எப்போதோ பென் டிரைவில் போட்டுத் தந்த, அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் கவுண்ட் பேசியின் இசையை மறுபடி போட்டேன். ஜாஸ் எனக்கு முறையாகத் தெரியாது. ஆனால் பேசியின் கதை தெரியும். அவரும் இன்னொருவரின் குழுவில் இருந்தவர். கன்சாஸ் சிட்டியில் பென்னி மோட்டன் நடத்திய குழு அது. மோட்டனும் பியானோக்காரர். இருந்தும் பேசியைச் சேர்த்துக்கொண்டு, மேடையில் நிறைய இடம் கொடுத்தார். 1935 இல் தொண்டையில் செய்த ஒரு சத்திரசிகிச்சையின்போது மோட்டன் இறந்துபோனார். அதன்பின் அந்தக் குழுவில் இருந்த சிலரையும் சேர்த்துத்தான் பேசி தன் குழுவைக் கட்டினார்.

அன்று எனக்குக் கேட்டது வேறொன்று. இளவயதில் பேசியின் இடக்கை ஓயாது. தாளத்தையும் அடிச்சுரத்தையும் அதுவே தூக்கிக்கொண்டு ஓடும் பாணி. தலைவரான பிறகு நாலு சுரம் தொட்டுவிட்டு நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் வோல்டர் பேஜின் பேஸ் நடக்கிறது, ஃபிரெடி கிரீனின் கிற்றார் ஒவ்வோர் அடியிலும் மெல்ல விழுகிறது. இந்த வோல்டர் பேஜ் ஒரு காலத்தில் பேசிக்கே தலைவராக இருந்தவர். தன் பழைய தலைவருக்கு இடம்விட்டுத்தான் பேசி வாசிக்கிறார். எங்கள் பேஸ் அண்ணையும் என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். நான் அந்தக் கோஷ்டிக்குள் வருவதற்கு முன்பே மாஸ்டருடன் மேடை ஏறியவர்.

அடுத்த ஒத்திகையில் இடக்கையை எடுத்துவிட்டு வாசித்தேன். கை சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாத்தியம் பழகியவர்களுக்குத் தெரியும். விரல் தானாகவே போகும். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்தபோது என் கோப்பையிலும் தேத்தண்ணி ஊற்றினார்.

கொப்பியை முழுதாகப் படித்ததும் அந்த நாட்களில்தான். பாடகர்களின் சுருதி, வாங்கிய முற்பணம், ஜெனரேட்டர் வாடகை, வான் வாடகை எல்லாம் மாஸ்டரின் சரிந்த எழுத்தில். ஒரு பக்கத்தில், மழையால் பாதியில் நின்ற திருவிழா ஒன்று. எனக்கு அந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. கோயில்காரர் பாதிக் காசுதான் கொடுத்தார்கள், ஆனால் எங்கள் எட்டுப் பேருக்கும் முழுச் சம்பளம் வந்தது. எப்படி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கீழே எழுதியிருந்தார்: "சங்கிலி அடைவு." நான் மனத்தாங்கலோடு திரிந்த அதே வருடம். அன்று கொப்பியை மூடிவிட்டு நெடுநேரம் முற்றத்தில் இருந்தேன்.

இந்தப் பங்குனியில் தர்மபுரத்துப் பெடியன் ஒருவன் இரண்டாவது கீபோர்டுக்கு வந்தான். பத்தொன்பது வயது, கை வேகம். முதல் மேடையில் ஒவ்வொரு சுரத்துக்கும் என்னைப் பார்த்துப் பார்த்து வாசித்தான். மூன்றாவது பாட்டின் சரணத்தில் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பெடியன் திடுக்கிட்டான், ஒரு சுரம் பிசகியது, பேஸ் அண்ணை அவன் பக்கம் கொஞ்சம் நகர்ந்து நின்று வாசித்தார். பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் பாடகரின் முகத்தைப் பார்த்தேன், அப்படியே முன்வரிசையில் இருந்த உபயகாரரின் முகத்தையும்.

புதியவனுக்குப் பாதிச் சம்பளம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். விடிய வீட்டுக்கு வந்து, 2011 ஆம் ஆண்டுப் பக்கத்தைப் புரட்டி, என் பெயருக்கு நேரே மாஸ்டர் முதல் நாள் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். அதையே பெடியனின் பெயருக்கு நேரேயும் எழுதினேன்: முழு.