ஏற்காட்டு வளைவுகளில் ஸ்பானிஷ்

வேலை நிமித்தம் கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் இருந்த வருடங்களில் காய்கறிக் கடை பேரம் முதல் ஆபீஸ் வாக்குவாதம் வரை எனக்கு எல்லாமே ஸ்பானிஷில்தான். சேலம் திரும்பிய பிறகு பேச ஆளில்லை. இன்றைக்கும் யாராவது பேசினால் முழுக்கப் புரிகிறது. பதில் சொல்லப் போனால் வினைச்சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. மொபைல் ஆப்களோ "ஆப்பிள் சிவப்பு" என்று முதல் பாடத்திலிருந்து தொடங்கச் சொல்கின்றன. அது எனக்குத் தேவையில்லை. மறந்துபோனதைத் திரும்பக் கற்க முதல் தடவை பிடித்த நேரம் பிடிக்காது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவிட்டார். எனக்கு வேண்டியது வாய்விட்டுப் பேச ஓர் இடம். அதற்குத்தான் ஏற்காடு.

அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் பஸ் மலையேறத் தொடங்கியதும் ஒரு பயிற்சி வைத்துக்கொண்டேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே கண்ணில் பட்டதைப் பற்றி ஒரு வாக்கியம். நிகழ்காலத்தில் சரளமாகவே வந்தது. இறந்தகாலத்துக்கு மாறியதும் தடுமாற்றம். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு விதம். 'குரங்கு சுவரில் உட்கார்ந்திருந்தது, பஸ்ஸைப் பார்த்ததும் தாவியது' என்றால், உட்கார்ந்திருந்ததற்கு ஒரு வடிவம், தாவியதற்கு வேறு வடிவம். இலக்கணப் புத்தகத்தில் இது எனக்குத் தெரியும். ஓடும் பஸ்ஸில் யோசிக்காமல் வர வேண்டும், அதுதான் சரளம். மேலே போய்ச் சேரும்போது பாதியாவது தானாக வந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது!

மறுநாள் காலை காப்பித் தோட்டத்து ஓரமாக நடை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, நிழலில் காப்பிப் பழம் சிவந்திருந்தது. காதில் 'ரேடியோ அம்புலான்தே' பாட்காஸ்ட். லத்தீன் அமெரிக்காவின் நிஜக் கதைகள், எழுத்து வடிவமும் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. முதலில் சும்மா கேட்டேன். பிறகு பேசுபவரின் வாலைப் பிடித்தபடி அதே வேகத்தில் கூடவே சொல்லிக்கொண்டு போனேன். வாய்க்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "தனியா யார்கிட்ட கண்ணு பேசிட்டு வர்ற?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, பழுத்ததை மட்டும் கிள்ளுவது, தோல் நீக்கிக் களத்தில் காயவைப்பது என்று அவர் வேலையை விவரமாகச் சொன்னார். ராத்திரி அறையில் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் ஸ்பானிஷில் சொல்லி போனில் பதிவு செய்தேன். பாடப் புத்தக உரையாடலைவிட இது எவ்வளவோ மேல். சொல்ல நமக்கே ஆசை இருக்கிற விஷயம் என்றால் சொற்கள் தேடிக்கொண்டு வருகின்றன.

போகோட்டாத் தோழியிடம் சனிக்கிழமைதோறும் பேச ஏற்பாடு செய்திருக்கிறேன். நமக்கு இரவு 7:30, அவளுக்குக் காலை 9 மணி. இந்த வாரம் ஏற்காட்டுக் காப்பியைப் பற்றித்தான் பேச்சு. கொலம்பியாக்காரி, நிறையக் கேள்வி கேட்பாள்.