நாற்பது நிமிட டேக், கடைசி வரை உதடும் ஒலியும் விலகவில்லை

ஒருவழியாக ஒட்டிவிட்டது. போனில் நிறுத்தாமல் எடுத்த நாற்பது நிமிட வீடியோ (டேக்), தனி ரெக்கார்டரில் பதிந்த ஆடியோ, இரண்டும் எடிட்டிங் டைம்லைனில், பொருத்துவதற்கு அடையாளமாகத் தட்டிய முதல் கைதட்டலிலிருந்து கடைசிக் கைதட்டல் வரை ஒன்றாக ஓடுகின்றன. உதட்டை விட்டு ஒலி விலகிப்போவதைச் சரிசெய்யப் போன இரண்டு ப்ராஜெக்ட்டிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆடியோவை வெட்டி, நகர்த்தி, மறுபடி வெட்டி என்று ராத்திரியெல்லாம் தையல் வேலை பார்த்தேன். கேட்டவர்கள் எல்லாரும் ரேம் கூட்டு, கிராபிக்ஸ் கார்டு மாற்று என்றே சொன்னார்கள். ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விஷயம் ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) என்பது. போன் 30 என்று காட்டினாலும் வெளிச்சம் குறைந்தால், சூடேறினால், 30-க்குக் கீழே இறங்கி மறுபடி ஏறும். ஆடியோ மட்டும் நொடிக்கு 48,000 சாம்பிள் என்று நேர்கோட்டில் போகும். எடிட்டிங் மென்பொருள் ஃபிரேம்களை நொடிக்கு 30 என்று வரிசையாக அடுக்கிவிட்டால் படமும் ஒலியும் பிரியாமல் என்ன செய்யும்? ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ நிரலில் ஃபைலைத் திறந்து ஃபிரேம் ரேட் மோடு வேரியபிள் (மாறிக்கொண்டே இருப்பது) என்று இருக்கிறதா, குறைந்தபட்சம் அதிகபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். நான் இப்போது இதைப் பார்க்காமல் எந்த ஃபைலையும் உள்ளே விடுவதில்லை.

விலகலிலும் வகை உண்டு. ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவு தள்ளி இருந்தால் அது வெறும் இடமாற்றம், ஒருமுறை நகர்த்தினால் தீர்ந்தது. நேரம் ஆக ஆக ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால் 30, 29.97 என்ற இரண்டு ஃபிரேம் ரேட்களுக்கு நடுவே நடந்த குழப்பமா என்று பார்க்க வேண்டும்; அது ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி. கொஞ்ச நேரம் சரியாக இருந்து, திடீரென்று விலகி, பிறகு இன்னொரு வேகத்தில் விலகினால்தான் வேரியபிள் தொல்லை. அதனால்தான் டேக்கின் முடிவிலும் ஒரு கைதட்டல் தேவை. முதலில் மட்டும் தட்டிவிட்டுப் போனால் எந்த வகை என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

மருந்து எல்லாரும் சொல்வதுதான், கான்ஸ்டன்ட்டாக (மாறாத ஃபிரேம் ரேட்டாக) மாற்று. ஆனால் எப்படி மாற்றுவது என்பதில்தான் சூட்சுமம். வீடியோ மாற்றும் நிரலான ஹேண்ட்பிரேக்கின் வழக்கமான ப்ரீசெட்களில் (முன்பே வைத்த அமைப்புகளில்) ஃபிரேம் ரேட் ‘பீக்’ என்று இருக்கும். அதன் அர்த்தம் 30-ஐத் தாண்டாது என்பது மட்டுமே, கீழே இறங்கலாம். ஆக, மாற்றி முடித்த ஃபைலும் வேரியபிளாகவே வெளியே வரலாம். ‘கான்ஸ்டன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது மட்டும் போதாது, பக்கத்தில் உள்ள எண்ணை ‘மூலத்தில் உள்ளபடி’ என்று விட்டால் சராசரி எடுத்து 29.87 போல ஏதோ ஒரு விநோத எண்ணில் நிலைநிறுத்தும் வாய்ப்பு உண்டு. அது டைம்லைனின் 30-உடன் ஒட்டாமல் நின்று வேறு தலைவலி தரும். 30 என்று கையால் போடுங்கள். இந்த இரண்டு பெட்டிகளும் சரியாக இருந்தால் மீதி எதுவும் பெரிய விஷயமில்லை. தரத்தைத் தீர்மானிக்கும் ஆர்எஃப் அளவை மட்டும் வழக்கத்தைவிடக் குறைத்து வைக்கிறேன், 16 வாக்கில். எண் குறைந்தால் தரம் கூடும். இன்னொரு தடவை எக்ஸ்போர்ட் ஆகப்போகிற ஃபைலில் சிக்கனம் பார்க்கத் தேவையில்லை.

ஆனால் ஹேண்ட்பிரேக்கில் நான் எடுப்பதும் போனைப் போல இறுக்கிச் சுருக்கிய எச்.264 வடிவம்தானே, டைம்லைனில் பின்னோக்கி இழுத்தால் திக்கும். பெரும்பாலான ஃபிரேம்கள் முந்தைய, பிந்தைய ஃபிரேம்களை நம்பி இருப்பதால் ஒன்றைக் காட்டப் பலவற்றைப் பிரித்தாக வேண்டும். அதனால் இப்போது ஷட்டர் என்கோடர் என்ற இன்னொரு மாற்றும் நிரலில் நேராக எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கே மாற்றிவிடுகிறேன், 30 கான்ஸ்டன்ட்டும் அங்கேயே முடிந்துவிடும். அடியில் ஓடுவது கட்டளை அடித்து இயக்கும் எஃப்எஃப்எம்பெக் நிரல்தான், கட்டளை அடிக்கப் பயப்படுபவர்களுக்கு இது நிம்மதி. இடம்தான் விழுங்கும்: 1080-இல் எஸ்க்யூ தரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 65 ஜிபி அளவுக்கு. அதைவிடக் கீழ்த் தரமான எல்பி என்றால் சுமார் 20 ஜிபி, எடிட் செய்ய மட்டும் வைத்துக்கொள்ளும் இலகுவான நகலுக்கு (ப்ராக்ஸி) அது தாராளம்.

இடம் என்றதும் ஒரு புலம்பல். இதற்காகவே ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கினேன், அநியாய மலிவு. பாதி நிரம்பியதும் புது ஃபைல்கள் பழையவற்றின் மேல் ஏறத் தொடங்கின. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு. விற்றவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. எந்த டிரைவ் வாங்கினாலும் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும் இலவச நிரல் ஒன்றை முதல் நாளே ஓட்டிவிடுங்கள், இரவு முழுக்க ஓடினாலும் பரவாயில்லை.

சரி, வெட்டும் வேலை. இங்கே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், கிளிப் வெட்டுவதற்கு மவுஸைத் தொட்டே நாளாகிறது. எல்லாம் பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் பழகிய க்யூ, டபிள்யூ இரண்டு விசைகள். முந்தைய வெட்டிலிருந்து பிளேஹெட் (இப்போது ஓடும் இடத்தைக் காட்டும் கோடு) வரை உள்ளதைத் தூக்கி இடைவெளியையும் மூடுவது க்யூ, பிளேஹெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை டபிள்யூ. இப்போது நான் எடிட் செய்யும் டாவின்சி ரிசால்வில் அதே விசைகளுக்கு வேறு வேலை, ஆகவே கன்ட்ரோல் ஆல்ட் கே அடித்து விசை அமைப்பைத் திறந்து, ரிப்பிள் ஸ்டார்ட் டு பிளேஹெட், ரிப்பிள் எண்ட் டு பிளேஹெட் இரண்டையும் தேடி அங்கே உட்காரவைத்தேன். வலது கை வீடியோவைப் பின்னோக்கி ஓட்ட, நிறுத்த, முன்னோக்கி ஓட்ட உதவும் ஜே, கே, எல் விசைகள் மேல், இடது கை க்யூ, டபிள்யூ மேல். ‘எல்’ விசையை இரண்டு தடவை தட்டி இரட்டை வேகத்தில் கேட்டுக்கொண்டே போய், உளறல் வந்ததும் நிறுத்தி, ‘கே’ விசையைப் பிடித்துக்கொண்டு ‘எல்’ விசையைத் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்ந்து, டக்கென்று ஒரு க்யூ. பிளேடு கருவியை எடுத்து, இரண்டு இடத்தில் வெட்டி, நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, டெலீட் அடிப்பவர்களைப் பார்த்தால் இப்போது கை பரபரக்கிறது.

இந்த வேகத்தில் வெட்டும்போது பின்னணி இசை டைம்லைனில் இருக்கவே கூடாது. வெட்டி இடைவெளியை மூடும் ரிப்பிள் அதையும் சேர்த்துக் கொத்தும். பேச்சு முழுக்க இறுகிய பிறகு இசையைப் போட்டால் போதும்.

மௌனத்தைத் தானாக வெட்டும் கருவிகளையும் ஓட்டிப் பார்த்தேன். நம் பேச்சில் முடிவில் வரும் உகரம் அவ்வளவு மெல்லியது, அதையும் மௌனம் என்று நினைத்துச் சீவிவிடுகிறது. வெட்டின் இருபுறமும் சில ஃபிரேம் விட்டுவைக்கச் சொன்னால் பரவாயில்லை, ஆனால் அப்புறம் மூச்சிழுக்கும் சத்தமெல்லாம் உள்ளே வருகிறது. ஒலியின் அலைவடிவத்தை (வேவ்ஃபார்ம்) பெரிதாக்கி வைத்துக் கண்ணால் பார்த்து வெட்டுவதே எனக்கு வேகம்.

இன்னும் கலர் தொடவில்லை, டைட்டில் இல்லை, அதற்குள் சக்கரம் வைத்த ஸ்பீடு எடிட்டர் கீபோர்டு மேல் கண் போய்விட்டது. ஆனால் அதன் பொத்தான்கள் பெரும்பாலும் ரிசால்வின் கட் பேஜ் என்ற பக்கத்தின் வேலைக்கே வடிவமைத்தவை, நானோ அதன் எடிட் பேஜ் ஆள். விருப்பமான கட்டளைகளை ஏற்றக்கூடிய ஆறு பொத்தான் குட்டிக் கீபோர்டு (மேக்ரோபேட்) ஒன்றை வாங்கி ரிப்பிள், மார்க்கர், அன்டூ மட்டும் ஏற்றலாமா என்றும் யோசனை. யாராவது பயன்படுத்தினால் ஸ்பீடு எடிட்டரின் அந்தச் சக்கரம் ஃபிரேம் ஃபிரேமாக ஒழுங்காக நகர்கிறதா, தாவுகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

போனில் ஃபிரேம் ரேட்டைத் தானாக மாற்றும் ‘ஆட்டோ எஃப்பிஎஸ்’ அமைப்பு இருந்தால் அடுத்த ஷூட்டுக்கு முன்பே அணைத்துவிடுங்கள், மாற்றும் வேலையில் பாதி குறையலாம். என்னிடம் இருக்கும் பழைய ஃபைல்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஷட்டர் என்கோடர் வரிசையில் போட்டிருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது.