2.66

மேல்மாடி நண்பரின் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வயது பத்து. கையில் பள்ளியில் கொடுத்த சான்றிதழ்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்குக் குழப்பம். "2.33 வேணும்னாங்க, இவ 2.66 எடுத்திருக்கா. கூடத்தானே தம்பி?"

ஜெர்மனியில் 1தான் உச்சம், 6 கடைசி என்று புரியவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

இங்கே பவேரியா மாநிலத்தில் நாலாம் வகுப்போடு பாதை பிரிகிறது. ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம். இந்த மூன்றின் சராசரி 2.33க்குள் என்றால் 'கிம்னாசியும்' என்ற பள்ளி, பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி. 2.66 வரை ரியால்ஷூலே, நடுத்தரப் பள்ளி. அதையும் தாண்டினால் மிட்டெல்ஷூலே, தொழிற்பயிற்சிக்குத் தயார்படுத்தும் பள்ளி. பெர்லினில் ஆறாம் வகுப்பு வரை பொறுக்கிறார்கள்.

அதாவது, கணக்கில் 3க்குப் பதில் 2 வாங்கியிருந்தால் போதும்!

வழி அடைபடவில்லை, சரி. கிம்னாசியும்தான் வேண்டுமென்றால் மூன்று நாள் சோதனை வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம். ரியால்ஷூலே முடித்துச் சுற்றி வந்தும் பல்கலைக்கழகம் போகலாம். பட்டறையிலும் பள்ளியிலுமாகத் தொழில் கற்பவர்களுக்கும் இங்கே மரியாதை உண்டு. ஆனால் நம்ம ஊர் பிளஸ் டூ பதற்றம் பதினேழு வயதிலாவது வருகிறது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. அவள் கவலை வேறு. பக்கத்து இருக்கைத் தோழி கிம்னாசியும் போகிறாளாம்.