லாஸ் பால்மாஸிலிருந்து மேற்கே: இரண்டு பேரும் ஒரு ஸ்பின்னேக்கரும்

கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்கு ஏறக்குறைய 2,700 கடல் மைல். பாய்மரப் படகில் புறப்பட்ட அன்றே ஸ்பின்னேக்கரை (பின்காற்றில் படகின் முன்னே பலூன்போல் விரியும் பாய்) ஏற்றக் கை பரபரக்கும். பொறுங்கள். கிரான் கனேரியா மலைகளைச் சுற்றி நெருக்கியடித்து வரும் காற்று, தீவின் தென்கிழக்கே திடீரென 10, 15 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேக அளவு) கூடிவிடும். அந்தப் பகுதியைத் தாண்டி, மேற்கே கொண்டுசெல்லும் வணிகக் காற்று சீரான பிறகு ஏற்றலாம்.

40 அடிப் படகில் இருவர்தான் என்றால் உறையோடு (பாயை மூடிச் சுருக்கும் நீண்ட துணிக்குழாய்) வரும் அசிமெட்ரிக் பாயே, அதாவது இருபக்கமும் சமமில்லாத ஸ்பின்னேக்கரே, நல்லது. பாயைத் தாங்கும் கம்பத்தைக் கையாளும் வேலை மிச்சம். காற்று வரும் திசையிலிருந்து 150 டிகிரி வரை படகைத் திருப்பி, ஜெனோவாவின் (வழக்கமான முன்பாய்) மறைவில் பாயை உறையோடு உச்சிவரை ஏற்றுங்கள். ஷீட் (பாயின் கீழ்மூலையை இழுக்கும் கயிறு) படகோரத் தடுப்புக் கம்பிகளுக்கும் மற்றக் கயிறுகளுக்கும் வெளியே ஓடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஜெனோவாவைச் சுருட்டிய பின் உறையை மேலே இழுத்தால் பாய் விரியும். முன்விளிம்பு லேசாக மடங்கும்வரை ஷீட்டை விட்டு, பிறகு ஒரு சாண் இழுங்கள்.

ஏமாற்றுவது காற்றுதான். 18 நாட் காற்றை முதுகில் வாங்கி 7 நாட்டில் ஓடும்போது தளத்தில் உணர்வது 11 நாட் மட்டுமே. படகு பக்கவாட்டில் திரும்பினால் அதே காற்று 19 நாட்டாகும். பாயின் மேல் விசை மூன்று மடங்கு. எனவே எந்த உண்மைக் காற்றில் (படகின் வேகத்தைக் கழிக்காத காற்றுவேகம்) இறக்குவது என்பதை ஏற்றும் முன்பே முடிவு செய்யுங்கள். இருவருக்கு 18 நாட் போதும் என்பது எங்கள் கணக்கு.

இறக்கும்போது படகை மறுபடி காற்றுக்கு முதுகு காட்டச் செய்து, பெரிய பாயின் (பாய்மரத்துக்குப் பின்னுள்ள முதன்மைப் பாய்) மறைவுக்குள் ஸ்பின்னேக்கரைக் கொண்டுவந்து, ஷீட்டை முழுக்க விட்டுவிடுங்கள். உறை பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் ஷீட் இறுக்கமாக இருப்பதே காரணம். பலத்தால் இழுத்துப் பயனில்லை. உறைக்கயிற்றைத் தளத்திலுள்ள ஒரு கப்பி வழியாகக் கொண்டுவந்து, உட்கார்ந்தபடி இழுங்கள். இல்லையேல் பாய் மீண்டும் நிரம்பும்போது ஆளையே தூக்கும். ஷீட் முனையில் முடிச்சுப் போடவே வேண்டாம். ஆபத்தில் அது தடையின்றி ஓடிப்போக வேண்டும்.

ஸ்பின்னேக்கர் ஃபோர்ஸ்டேயில் (பாய்மர உச்சியிலிருந்து படகின் முன்முனைக்கு வரும் கம்பி) சுற்றிக்கொண்டால் கத்தியைத் தேடாதீர்கள். பெரிய பாயை மறுபக்கம் மாற்றுங்கள். எதிர்ச்சுழல் காற்றே பெரும்பாலும் அவிழ்த்துவிடும்.

இருட்டில் மழைமேகம் கண்ணுக்குத் தெரியாமல் வரும் என்பதால் அந்திக்கு முன் இறக்கிவிடுங்கள். மறுநாள் ஏற்றும் முன் ஹாலியார்டை (பாயை மேலே ஏற்றும் கயிறு) பாருங்கள். உச்சிக் கப்பியில் ஒரே இடத்தில் உரசினால் அந்தக் கயிற்றின் மேலுறை பிய்ந்துவிடும். நாளுக்கு நாள் சில சென்டிமீட்டர் உயரத்தை மாற்றிக் கட்டுங்கள்.