99-ல் வைத்த யுடெவ் ரூல் ஏன் பாதிதான் வேலை செய்கிறது

கிருஷ்ணகிரியில் பொதுவாக வைத்திருக்கும் உபுண்டு (லினக்ஸ்) 22.04 மெஷினில் சீரியல் போர்ட் அனுமதித் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. செருகும் கருவிக்குப் பெயரும் அனுமதியும் வைப்பது யுடெவ்; அதற்கு நாம் எழுதும் வரிகள்தான் ரூல். மாந்தோப்பு ஈரப்பத மீட்டருக்காக சிஎச்340 என்ற யுஎஸ்பி-சீரியல் சிப் வைத்த நானோ போர்டு இரண்டு, கூடவே ரேடியோ பிடிக்க ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். மெஷின் முன்னால் உட்காருகிறவருக்கும், பர்கூரிலிருந்து எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழி லாகின்) வருகிறவருக்கும் போர்ட் திறக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத விடும் 0666 மோட் போட்டுத் தொலைக்கலாம்தான். பொது மெஷினில் அந்தச் சோம்பேறித்தனம் வேண்டாம்.

படுத்தி எடுத்தது யுஅக்சஸ் டேக்: மெஷின் முன்னால் லாகின் ஆனவருக்குக் கருவியைத் திறக்க அனுமதி கொடுக்கச் சொல்லும் குறி. எல்லோரும் காப்பி அடிக்கும் ரூல் ஃபைல் 99 என்றுதான் தொடங்குகிறது; ஃபைல்கள் எண் வரிசையில் ஓடும். அதில் குரூப், மோட் இரண்டும் ஒழுங்காக ஏறும். டேக் மட்டும் பலிக்காது, லாகிலும் ஒரு வரி வராது. அந்த டேக்கைப் பார்த்து ஏசிஎல் (தனி யூசருக்கான அனுமதி) போடுகிற வேலை 73-சீட்-லேட் ஃபைலில் நடக்கிறது. 99-ல் ஒட்டினால் அது ஏற்கனவே தாண்டிப் போயிருக்கும். பெயரை 70-க்கு மாற்றி, ரூல்களை ரீலோட் செய்து, கேபிளைப் பிடுங்கிச் செருகியதும் ஏசிஎல்லைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையில் யூசர் பெயர் வந்தது.

ஆனால் யுஅக்சஸ் சீட்டில், அதாவது மெஷின் முன்னால், இருப்பவருக்கு மட்டுமே. எஸ்எஸ்எச் ஆளுக்கு சீரியல் போர்ட்டுக்கான டயல்அவுட் குரூப்தான் கதி. அவரை அதில் சேர்த்த பிறகும், லாகவுட் ஆனாலும் ஓடிக்கொண்டே இருக்கும் பழைய டிமக்ஸ் செஷனில் 'பெர்மிஷன் டினைடு' என்றே வரும். அதை மூடிவிட்டுத்தான் திரும்ப லாகின் ஆக வேண்டும். இன்னொன்று: யூசர் மாறினால் ஏசிஎல் மாறும், ஏற்கனவே திறந்திருக்கும் சீரியல் மானிட்டர் மூடாது. இருவரும் ஒரே போர்ட்டைப் படித்தால் ரீடிங் பாதி அங்கே, பாதி இங்கே. ஃப்யூசர் கட்டளை போட்டால் யார் பிடித்திருக்கிறார் என்று தெரியும்.

போர்டைச் செருகியதும் போர்ட் வந்து உடனே மறைந்தால் பிரெய்ல் டிஸ்ப்ளேக்கான பிஆர்எல்டிடிஒய் புரோகிராம்தான் காரணம்; 22.04-ல் சிஎச்340-இன் 1ஏ86:7523 ஐடியை பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பறித்துக்கொள்கிறது. பிரெய்ல் டிஸ்ப்ளே யாரும் பயன்படுத்தவில்லையென்றால் அந்த பேக்கேஜைக் கழற்றிவிடலாம்.

இந்த சிஎச்340-க்கு, இரண்டு போர்டையும் பிரித்தறிய, சீரியல் நம்பர் கிடையாது. அதனால் எந்த யுஎஸ்பி துளை என்று சொல்லும் போர்ட் பாதையை வைத்து சிம்லிங்க் (மாறாத மாற்றுப் பெயர்). '1-1.2' என்று கொடுத்து வெண்டர் ஐடியையும் (தயாரிப்பாளர் எண்) சேர்த்தால் பொருந்தும், '1-1.2:1.0' என்றால் பொருந்தாது, அது இன்டர்ஃபேஸ், வெண்டர் ஐடி அதற்கு மேலே இருக்கிற டிவைஸில் இருக்கிறது. ஒரு ரூலில் கேட்கிற எல்லா பேரன்ட் (மேலே இருக்கிற டிவைஸ்) அட்ரிபியூட்டும் ஒரே பேரன்ட்டில் இருந்தாக வேண்டும்.

பெங்களூர் எஸ்பி ரோடு போனால் தனித்தனி சீரியல் நம்பர் உள்ள எஃப்டிடிஐ சிப் மாட்யூல் வாங்கலாம். மலிவு சிபி2102 மாட்யூல் நிறைய 0001 என்ற ஒரே சீரியலோடு வருவதால் பிரயோஜனமில்லை. ஆர்டிஎல்-எஸ்டிஆர் இன்னும் பாக்கி. அதை டிவி ட்யூனராகப் பிடித்துக்கொள்ளும் கர்னலின் டிவிபி மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்த (ஏறாமல் தடுத்த) பிறகுதான் அதற்கான ரூல்.